கால்வாய் கண்ணில் படாத கதைகள்

எரிக் வால்ரண்டின் 'ட்ராபிக் டெத்' 1926இல் நியூயார்க்கில் வெளிவந்தது. பத்துக் கதைகள் கொண்ட தொகுதி. வெளியிட்டவர்கள் போனி அண்ட் லிவரைட். 1923இல் ஜீன் டூமரின் 'கேன்' நூலையும் 1925இல் ஹெமிங்வேயின் 'இன் அவர் டைம்' தொகுதியையும் கொண்டுவந்த அதே பதிப்பகம். ஹெமிங்வேயை நம்மில் படிக்காதவர் இல்லை. டூமரைச் சிலர் படித்திருக்கிறார்கள். வால்ரண்டைப் படித்த ஒருவரை நான் இதுவரை சந்திக்கவில்லை. பெயரைக் கேள்விப்பட்டவர்களும் 'பனாமாக் கால்வாய் வெட்டிய கறுப்புத் தொழிலாளிகளின் வாழ்க்கையைச் சித்தரித்தவர்' என்ற ஒரு வாசகத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் பிறகு படிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விடுகிறது அல்லவா? உழைப்பு, சுரண்டல், துயரம் என்று அட்டையைப் பார்த்தே ஒரு மதிப்புரை எழுதிவிடலாம்.

படித்துப் பார்த்தால் தெரிவது வேறு. இந்தத் தொகுதியில் கால்வாய் அநேகமாக இல்லை. பத்துக் கதைகளில் ஒன்றில் மட்டும்தான் கூலிக்காரன் மண்ணோடு நின்று வேலை செய்வது நேர்க்காட்சியாக வருகிறது. மற்றவற்றில் கால்வாய் வேறு உருவங்களில் வந்து போகிறது. ஒரு கதையில் ஊர் திரும்பியவனின் கட்டைக் கால். ஒன்றில் சதுப்பைத் தூர்க்கிற இயந்திரங்களின் இரைச்சல். ஒன்றில் எப்போதோ முன்னால் போய்விட்ட ஒரு தகப்பன். வெட்டுகிற இடத்தை நாம் பார்ப்பதே இல்லை. சொந்த மண்ணில் நிற்க இடமில்லாமல் கால்வாய்க் கூலிக் குடியிருப்பில் வந்து விழுந்த ஒரு குடும்பத்தின் கண்ணுக்குக் கால்வாய் இவ்வளவுதான் தென்படும் என்பதை வால்ரண்ட் கண்டுகொண்டார், அதற்கான உருவத்தையும் கண்டார் என்பது என் கட்சி. இதை நிறுவுவதற்கு அந்தக் குடியிருப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. படைப்புக்கு வெளியே எதையும் பார்க்க மாட்டேன் என்று விரதம் பூண்டவர்கள் அடுத்த சில பத்திகளைத் தாண்டிவிடலாம். ஆனால் தாண்டினால் பின்னால் நான் சொல்வது பிடிபடாது.

பிரெஞ்சுக் கம்பெனி 1881இல் தொடங்கி 1889இல் திவாலாகிக் கைவிட்ட வேலையை அமெரிக்கா 1904இல் எடுத்துக்கொண்டது. 1914 ஆகஸ்ட் 15இல் கால்வாய் திறக்கப்பட்டது. கூலிக்கு ஆள் பிடிக்க அமெரிக்கக் கமிஷன் முக்கியமாகக் கை வைத்த இடம் பார்படோஸ். சின்னஞ்சிறு தீவு. ஒப்பந்தத்தில் கொண்டுபோனவர்கள் மட்டும் ஏறக்குறைய 20,000 பேர். சொந்தச் செலவில் கப்பலேறியவர்கள் அதற்கு மேல். ஐரோப்பாவின் பீட்ரூட் சர்க்கரை வந்து கரும்புச் சர்க்கரையின் விலை 1880களில் விழுந்தது. தீவு அதிலிருந்து எழுந்திருக்கவில்லை. நிலம் தோட்ட முதலாளிகளிடம் இருந்தது. அடிமை முறை 1830களில் சட்டப்படி ஒழிந்த பின்பும், கூலிக்காரன் குடிசை போட்டிருந்த மனை தோட்டத்துக்குச் சொந்தம். தோட்ட வேலைக்குப் போகாவிட்டால் மனையைக் காலி செய்ய வேண்டும். ஆகவே அங்கே விசித்திரமான ஒரு வீடு உருவாயிற்று. அதற்கு அஸ்திவாரம் கிடையாது. சும்மா அடுக்கி வைத்த கற்களின் மேல் பலகை வீடு உட்கார்ந்திருக்கும். விரட்டினால் பலகை பலகையாகக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் வேறிடத்தில் பூட்டிக்கொள்ளலாம். 'சாட்டல் ஹவுஸ்' என்று அதற்குப் பெயர். நம் பத்திர எழுத்தர் பாஷையில் சொன்னால் ஜங்கம சொத்து. வீடே ஜங்கம சொத்தாக இருக்கிற மக்கள் கப்பலேறுவதற்கு முன்பே இடம்பெயர்ந்தவர்கள்தாம்.

இனி, அவர்கள் போய்ச் சேர்ந்த இடம். கால்வாய் மண்டலத்தில் இரண்டு சம்பளப் பட்டியல்கள் இருந்தன. ஒன்று தங்கப் பட்டியல், மற்றது வெள்ளிப் பட்டியல். அமெரிக்க வெள்ளையருக்குத் தங்க நாணயத்தில் சம்பளம், மேற்கிந்தியக் கறுப்பருக்கு வெள்ளி நாணயத்தில் கூலி. கணக்கு வசதிக்காகத் தொடங்கியது என்று சொல்லப்பட்ட இந்தப் பிரிவு சீக்கிரமே தபாலாபீஸ் ஜன்னல், கமிசரிக் கடை, ஆஸ்பத்திரி வார்டு, பள்ளிக்கூடம், குடிதண்ணீர்க் குழாய் என்று எல்லாவற்றிலும் இறங்கிவிட்டது. 'வெள்ளையர்', 'கறுப்பர்' என்று பலகை மாட்ட வேண்டிய சங்கடம் இல்லாமல் 'தங்கம்', 'வெள்ளி' என்று மாட்டிக்கொள்ளலாம். பேரேட்டுத் தலைப்புகள் எவ்வளவு வேலை செய்யும் என்பது பேரேட்டோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்குத்தான் தெரியும். வெள்ளிக் கூலி பெரும்பாலோருக்கு மணிக்குப் பத்து சென்ட், பத்து மணி நேர வேலைக்கு ஒரு டாலர். பார்படோஸ் கரும்புத் தோட்டத்தில் ஒரு நாளைக்குக் கிடைத்ததைப்போல் பல மடங்கு. அதனால்தான் போனார்கள். அங்கே ஒவ்வொருவனுக்கும் எண் பொறித்த ஒரு பித்தளை வில்லை தரப்பட்டது. சம்பள ரயில் வந்து நிற்கும்போது வில்லையைக் காட்டிக் காசு வாங்க வேண்டும். நம் வங்கிகளில் ஒரு காலத்தில் பணம் எடுக்க வந்தவர் கையில் கொடுத்த பித்தளை டோக்கனை நினைத்துக்கொள்ளலாம். என்ன வித்தியாசம் என்றால், வங்கியில் டோக்கனைத் திருப்பி வாங்கிக்கொண்டு பெயரைக் கூப்பிடுவோம்.

வீட்டுக்கு வருகிறேன். தங்கப் பட்டியல் ஊழியனுக்கு வீடு இனாம். மாதச் சம்பளத்தில் ஒரு டாலருக்கு ஒரு சதுர அடி என்று கணக்கு. மனைவி வந்து சேர்ந்தால் அவளுக்கும் அதே அளவு சேர்த்துத் தருவார்கள். கொசு வலை அடித்த ஜன்னல்கள் உண்டு. அதாவது அமெரிக்கக் குடும்பம் கமிஷனின் கணக்கில் முறைப்படி இடம்பெற்ற ஒரு அலகு. வெள்ளிக்காரனுக்கு அப்படி எதுவும் இல்லை. அவன் ஒற்றை ஆணாகத்தான் பட்டியலில் ஏறுகிறான். அவனுக்கென்று அடுக்குக் கட்டில்கள் போட்ட கொட்டடி, உட்கார நாற்காலி மேஜை இல்லாத சாப்பாட்டுக் கூடம். ஒப்பந்தத்தில் வந்தவன் ஆண். அவன் மனைவியையும் குழந்தையையும் யாரும் அழைக்கவில்லை. அவர்கள் தாங்களாகவே டிக்கட் வாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் படுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். வந்து சேர்ந்தபின் கொட்டடியில் இடம் இல்லை. ஆகவே கூலிக்காரர்களில் பெரும்பாலோர் கொட்டடியை விட்டு வெளியேறிக் காட்டோரத்தில் வெடிமருந்துப் பெட்டிப் பலகைகளாலும் தகரத் துண்டுகளாலும் குடிசை போட்டுக்கொண்டார்கள். அல்லது கொலோன் நகரத்து ஒண்டுக்குடித்தனங்களில் வாடகைக்கு அறை பிடித்தார்கள்.

'புதுவாழ்வு தொடங்குதல்' என்று நாம் சொல்கிறோமே, அது இந்த இடத்தில் என்ன பொருள்படும்? குடிசை போட்ட இடமும் நிலைக்கவில்லை. 1912 டிசம்பரில் மண்டலத்தைக் காலி செய்ய அமெரிக்க ஜனாதிபதி டாஃப்ட் உத்தரவு போட்டார். பல தலைமுறையாக அங்கே இருந்த பனாமாக்காரர்களின் ஊர்களும், கால்வாய்க் கூலிகள் பெருகி வளர்ந்த ஊர்களும் சேர்ந்தே அப்புறப்படுத்தப்பட்டன. சில ஏரித்தண்ணீருக்குள் போயின. சில தண்ணீர் ஏறாத இடத்திலேயே கலைக்கப்பட்டன. மரீக்ஸா லாஸோவின் 'இரேஸ்ட்' (2019) இதை விரிவாகச் சொல்கிறது. 1914இல் வேலை முடிந்ததும் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சீட்டுக் கிழிந்தது. 1920 பிப்ரவரியில் வெள்ளித் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தபோது, வேலைநிறுத்தம் செய்தவர்களை மண்டலத்து வீடுகளிலிருந்து வெளியேற்றினார்கள். பார்படோஸ் துரை மனையைக் காலி செய்யச் சொன்ன அதே முறை, கடல் தாண்டியும். பிறகு 1941இல் பனாமாவின் புதிய அரசியல் சாசனம், ஸ்பானிஷ் பேசாத மேற்கிந்தியர்களுக்கு அங்கே பிறந்த பிள்ளைகளின் பிரஜா உரிமையையே பறித்தது.

இந்தச் சரித்திரம் வால்ரண்டுக்குத் தெரியாததல்ல. அவர் 1898இல் பிரிட்டிஷ் கயானாவின் ஜார்ஜ்டவுனில் பிறந்தவர். தகப்பன் தையற்காரர். தகப்பன் விட்டுப் போனபின் தாய் பார்படோஸில் தன் உறவுகளோடு குழந்தைகளை வைத்திருந்துவிட்டு, 1910-11 வாக்கில் அவர்களையும் கூட்டிக்கொண்டு கணவனைத் தேடிக் கொலோனுக்குக் கப்பலேறினாள். பையன் அங்கே வளர்ந்து, கிரிஸ்டோபாலில் கால்வாயின் சுகாதார இலாகாவில் குமாஸ்தாவாக இருந்து, 1916 முதல் 1918 வரை பனாமாவில் பத்திரிகை நிருபராக இருந்து, பிறகு நியூயார்க் போனார். குமாஸ்தா என்றால் நம் இலக்கிய வட்டாரத்தில் ஓர் இளக்காரம் உண்டு. நானும் அந்த ஜாதிதான் என்பதால் ரோஷத்தோடு சொல்லவில்லை. சுகாதார இலாகாவில் மனிதர்கள் எந்தக் கட்டத்தில் எந்த எண்ணாக விழுகிறார்கள் என்று தினமும் பார்த்தவருக்கு அந்த எண்களின் கீழ் இருப்பதை எழுதத் தோன்றியது இயல்பு. அமெரிக்கர் காலத்தில் கால்வாய் வேலையில் இறந்தவர்கள் என்று அதிகாரபூர்வக் கணக்கு 5,609 பேர் என்கிறது. பெரும்பான்மை வெள்ளிப் பட்டியல். இந்தக் கணக்கில் வராத மரணங்களைப் பற்றியவை வால்ரண்டின் நல்ல கதைகள்.

'வறட்சி' என்ற முதல் கதையை எடுத்துக்கொள்வோம். கதை பார்படோஸில் நடக்கிறது. பனாமாவின் நிழல்கூட அதில் இல்லை. காக்கின்ஸ் ரம் கல்லுடைக்கிறவன். மழை இல்லை. எங்கும் சுண்ணாம்புக் கல்லின் வெள்ளைப் புழுதி. அவன் சின்ன மகள் பெரில் அந்தச் சுண்ணாம்புக் கல்லைப் பொறுக்கித் தின்கிறாள். தடுத்தும் தின்கிறாள். செத்துப்போகிறாள். அவ்வளவுதான். பசி என்று ஒரு வரி பிரசங்கம் கிடையாது. வீட்டில் பெற்றோர் பேசுகிற பேச்சும் எரிச்சலும் மட்டும் இருக்கின்றன. நான் இதைத் தொகுதியின் வாசற்படி என்று கொள்கிறேன். ஏன் புறப்பட்டார்கள் என்பதை வால்ரண்ட் எங்கும் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையில்லாமல் இந்தக் கதையை முன்னால் வைத்துவிட்டார். மண்ணைத் தின்று செத்த குழந்தைக்குப் பிறகு, மண்ணைத் தோண்டப் போகிறவர்களின் கதைகள்.

தொகுதியின் தலைப்பைத் தாங்கிய கடைசிக் கதைதான் நான் இங்கே முக்கியமாகப் பேச விரும்புவது. ஜெரால்ட் என்ற சிறுவன் பிரிட்ஜ்டவுன் துறையில் நிற்கிறான். கஞ்சி போட்டு விறைத்த வெள்ளைச் சட்டை, இறுக்கமான வெல்வெட் கால்சட்டை, எண்ணெய் தடவிய முழங்கால்கள், தாடையை அறுக்கும் எலாஸ்டிக் வைத்த மாலுமித் தொப்பி. தாய் சேரா அவனை இப்படி உடுத்தி நிறுத்தியிருக்கிறாள். தகப்பன் பனாமாவில். இவர்கள் அவனிடம் போகிறார்கள். இந்த உடுப்பை வால்ரண்ட் சாவகாசமாக வர்ணிக்கிறார். முதல் வாசிப்பில் எனக்கு இது வெறும் அலங்காரமாகத்தான் பட்டது. பிறகு கப்பலின் மேல்தளம் வருகிறது. வெயிலிலும் அலையிலும் மூட்டைகளோடு மூட்டைகளாகக் கிடக்கும் ஜனங்கள். பிறகு கொலோன். பாட்டில் ஆலி என்ற சந்து, ஒண்டுக்குடித்தனம், குடி, பெண்கள், தகப்பனின் தையல் கடை. அந்தக் கஞ்சி போட்ட சட்டை எந்த வாழ்க்கைக்காகத் தயார் செய்யப்பட்டதோ அந்த வாழ்க்கை இங்கே இல்லை. சேரா அதை உண்டாக்கப் பாடுபடுகிறாள். ஜெபம், சுத்தம், ஒழுங்கு, சமையல் என்று அவளிடம் இருக்கிற கருவிகளை எல்லாம் எடுத்துப் பார்க்கிறாள். கதையின் கடைசியில் தகப்பனுக்குக் குஷ்டம். அவனைப் பாலோ செகோவுக்கு அனுப்புகிறார்கள். அது பசிபிக் கரையில் 1907இல் கால்வாய்க் கமிஷனே ஏற்படுத்திய குஷ்டரோகக் குடியிருப்பு.

இந்தக் கதையில் கால்வாய் எங்கே இருக்கிறது? கொலோன் என்ற நகரமே கால்வாயால்தான் வாழ்கிறது. சந்து, வாடகை, குடி, கடை, எல்லாமே வெள்ளிக் கூலியின் உபரி. ஆனால் பையன் பார்ப்பது சந்தை. தாய் பார்ப்பது புருஷனை. கதையின் முடிவில்தான் கமிஷன் முதல்முறையாக இந்தக் குடும்பத்தை நேரடியாகத் தொடுகிறது. எப்படித் தொடுகிறது? ஒரு நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து எடுத்துக்கொள்வதன் மூலம். அழைக்காமல் வந்த குடும்பத்தை அது அதுவரை கவனிக்கவே இல்லை. கவனித்தபோது அதிலிருந்து ஒருவரைக் கழித்தது. வால்ரண்ட் இதை எங்கும் சுட்டிக்காட்டுவதில்லை. கதையின் கட்டுமானத்திலேயே அது இருக்கிறது. புலம்பெயர்ந்த குடும்பக் கதைகளில் நாம் எதிர்பார்த்துப் பழகிய வளைவு ஒன்று உண்டு: வருகை, துன்பம், அண்டை வீட்டாரின் உதவி, அடுப்பு எரிதல், குழந்தை சிரித்தல். இங்கே அந்த வளைவின் எல்லாப் பொருட்களும் இருக்கின்றன. வளைவு மட்டும் இல்லை. காட்சிகள் ஒன்றையடுத்து ஒன்றாகக் கிடக்கின்றன. ஒன்று மற்றதை உயர்த்தவில்லை. 'கதை நகரவில்லை' என்று இதைக் குறை சொன்னவர்கள் உண்டு. எங்கே நகரும்?

'துறைமுக எலிகள்' இன்னும் கடுமையானது. அதன் தொடக்கத்தில் மட்டும் வால்ரண்ட் குடியிருப்பின் பரப்பு முழுவதையும் ஒரு பார்வையில் காட்டிவிடுகிறார்: பல தேசத்து ஜனங்கள், 'சில்வர் சிட்டி' என்ற பகுதியில் ரயில் சரக்குப் பெட்டிக் குடிசைகள், ஆற்றங்கரை ஒண்டுக்குடித்தனங்கள், கோக்கோ டே என்ற சேரியின் தாழ்ந்த குடில்கள், இரவில் பாட்டு, சூனியம். பிறகு ஒரே குடும்பத்துக்குள் இறங்குகிறார். ழான் பாப்தீஸ்த், செலஸ்தின், பிள்ளைகள் பிலிப்பும் எர்னஸ்டும், வீட்டில் வேலை செய்யும் மாஃபி என்ற பெண். பிள்ளைகளின் தொழில், துறைமுகத்தில் வந்து நிற்கும் கப்பல்களிலிருந்து உல்லாசப் பிரயாணிகள் எறியும் காசுகளைக் கடலில் மூழ்கி எடுப்பது. கால்வாய் வெட்டியவனின் மகன், கால்வாயைப் பார்க்க வந்தவனின் சில்லறைக்கு மூழ்குகிறான். பிலிப்பைச் சுறா அடித்துவிடுகிறது. இது விபத்தா, மாஃபியின் பொறாமை ஏவிய சூனியமா என்று கதை தீர்ப்புச் சொல்லாமல் விடுகிறது. இந்த இடத்தில் சில வாசகர்கள் முகம் சுளிக்கலாம்; சமூகக் காரணம் கண்முன் இருக்கும்போது சூனியம் எதற்கு என்று. எனக்கு அது சரியாகவே படுகிறது. ஒரு டாலருக்கு ஒரு சதுர அடி என்று கணக்குப் போட்ட கமிஷனின் காரணகாரியத்தில் இந்தக் குடும்பத்துக்கு இடமில்லை. தங்களுக்கென்று ஒரு காரணகாரியத்தை அவர்கள் தீவுகளிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள்.

நேராக வேலையைக் காட்டும் ஒரே கதையான 'சப்ஜெக்ஷ'னில் பாலே என்ற இளம் கூலிக்காரன், நோயாளித் தொழிலாளி ஒருவனை அமெரிக்க மரீன் சிப்பாய் அடிப்பதைத் தட்டிக் கேட்கிறான். சிப்பாய் அவனைத் துரத்திச் சுட்டுக் கொல்கிறான். முடிவில் அதிகாரப் பத்திரிகை, கலகத்தில் உயிர்ச்சேதத்தை ஒன்றோடு நிறுத்திக்கொண்ட இலாகாவின் திறமையை மெச்சுகிறது. ஹாரி ஃப்ராங்க் என்ற அமெரிக்கர் 1912இல் கால்வாய் மண்டலத்து ஜனத்தொகைக் கணக்கெடுக்கக் குடிசை குடிசையாக ஏறி இறங்கியவர். அவருடைய 'ஸோன் போலீஸ்மன் 88' (1913) இன்றும் படிக்க சுவாரஸ்யமான புத்தகம்தான். ஆனால் அவர் கதவைத் தட்டுகிற ஆள்; குடிசைக்குள் இருப்பவர்கள் அவருக்குப் பதில் சொல்கிறவர்கள், பல சமயம் வேடிக்கையாக. வால்ரண்டிடம் கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தத் தட்டல் கேட்கிறது.

புகழ்ந்தது போதும். பத்துக் கதைகளும் தேறாது. ஐந்து தேறும் என்பது என் கணக்கு. 'வாம்பயர் பாட்', 'ஒயிட் ஸ்நேக்' போன்றவை பேய்க்கதையின் சில்லிப்பைத் தாண்டி எங்கும் போகவில்லை. நடையிலும் கோளாறு உண்டு. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிறங்களை அடுக்குவதில் அவருக்கு ஒரு மயக்கம். பல பக்கங்களில் வெயிலும் வியர்வையும் பழங்களும் சேர்ந்து திகட்டுகின்றன. சில இடங்களில் கறுப்பு உடல்களை அவர் பார்க்கும் பார்வை, மேலே கப்பலில் நின்று காசு எறிகிறவனின் பார்வையோ என்று சந்தேகம் வருகிறது. நியூயார்க்கில் 1920களில் ஹார்லெம் எழுத்தை வாங்கிய வெள்ளை வாசகனின் ருசி தெரிந்து எழுதிய இடங்கள் இவை. 'பனாமா கோல்ட்' கதையைக்கூட, கட்டைக் காலோடு நஷ்டஈட்டுப் பணத்தோடு திரும்பிய போயரின் கடை எரிந்து அவன் சாவதோடு முடித்தது எனக்கு ஒப்பவில்லை. ஒரு காலைக் கொடுத்துவிட்டுச் சொந்த ஊரில் கடை வைத்திருப்பவன் அன்றாடம் கல்லாவில் உட்கார்ந்திருப்பதே போதுமான பயங்கரம். தீ அதை எளிதாக்கிவிட்டது.

தமிழில் இந்தப் பேச்சை நான் எடுப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கூலியாகக் கடல் தாண்டியது நமக்கும் அந்நியமான அனுபவம் அல்ல. வால்ரண்ட் பிறந்த அதே பிரிட்டிஷ் கயானாவுக்குச் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன மருதியைப் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் 1935இலேயே எழுதிவிட்டார். அந்தக் கதைக்குப் பிறகு நம்மவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி. ஒரு முகாம், குடியிருப்பு என்றால் வேலைத்தளத்தைக் காட்ட வேண்டும், மேஸ்திரியின் கொடுமையைக் காட்ட வேண்டும், கடைசி அத்தியாயத்தில் ஒரு கொடி ஏற வேண்டும். மக்கள் மீண்டும் வேர்பிடிப்பதாக ஒரு வாக்கியம் வர வேண்டும். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை, ஆனாலும் மீறினால் 'விரக்தி' என்று முத்திரை விழும். எதிர்த் தரப்பினர் இந்த விஷயத்தையே தொடுவதில்லை. தனிமனிதனின் அறையை விட்டு வெளியே வந்தால் தங்கள் நவீனத்துவம் தீட்டுப்பட்டுவிடும் என்று நினைக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் 'ட்ராபிக் டெத்' சங்கடம் கொடுக்கும். இதைவிடக் கறாரான கூலிகளின் புத்தகம் இல்லை. இதைவிட உருவ உணர்வோடு செய்யப்பட்டதும் அதிகம் இல்லை. போராட்டம் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: 1920 வேலைநிறுத்தத்தின்போது வால்ரண்ட் நியூயார்க்கில் இருந்தார். வேண்டுமானால் ஒட்டவைத்திருக்கலாம். அவர் பார்த்தது அதற்கு முந்தைய காலத்தின் அறைகளை. அவற்றை மட்டும் எழுதினார்.

புதுமைப்பித்தனோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. மருதியின் கதையில் புதுமைப்பித்தனின் குரல் கூடவே வருகிறது. அந்தக் கசப்புச் சிரிப்பு நமக்கு ஒரு ஆறுதல். யாரோ ஒருவர் நம் பக்கம் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற ஆறுதல். வால்ரண்ட் அந்தத் துணையைத் தர மறுக்கிறார். அவர் கதைகளில் பேச்சுத்தான் அதிகம். அதுவும் எத்தனை விதமான பேச்சு! பார்படோஸ்காரன் இங்கிலீஷ் வேறு, ஜமைக்காக்காரன் இங்கிலீஷ் வேறு. செயிண்ட் லூசியாக்காரர்களின் பிரெஞ்சு கிரியோல், தெருவின் ஸ்பானிஷ். வெள்ளிப் பட்டியலில் இவர்கள் எல்லோரும் ஒரே நிறம், ஒரே கூலி. வாயைத் திறந்தால் தீவு தெரிந்துவிடும். சண்டைகளும் இளக்காரங்களும் அதில்தான் பிறக்கின்றன. ஒற்றுமையான உழைக்கும் வர்க்கம் ஒன்றை எதிர்பார்த்து வருகிறவருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். பலகை வீட்டைக்கூட விட்டுவிட்டு வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த ஒரே சாமான் பேச்சு; அதை அவ்வளவு சுலபமாகப் பொதுவில் வைத்துவிட மாட்டார்கள்.

1963இல் கால்வாய் மண்டலத்துச் சரித்திரச் சங்கம் ஒன்று, கால்வாய் வெட்டிய காலத்து அனுபவங்களை எழுதி அனுப்பும்படி அமெரிக்கர் அல்லாத பழைய தொழிலாளிகளுக்குப் போட்டி வைத்தது. எழுபது, எண்பது வயதுக் கிழவர்கள் எழுதி அனுப்பினார்கள். மண்சரிவு, டைனமைட், மலேரியா, கொய்னா, ரயிலில் அடிபட்டவர்கள், மழையில் நனைந்த துணியை மறுநாளும் ஈரத்தோடு போட்டுக்கொண்டு போனது. எழுத்துப்பிழைகளோடு, வணக்கத்தோடு, கடவுளுக்கு நன்றியோடு எழுதப்பட்டவை. வால்ரண்டின் நடையில் எங்காவது சந்தேகம் வந்தால் நான் இவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுண்டு. கிழவர்களின் எழுத்தில் கால்வாய் இருக்கிறது, பெண்டாட்டி பிள்ளைகள் அநேகமாக வருவதில்லை. கேட்டவர்கள் கால்வாயைப் பற்றித்தான் கேட்டார்கள்.

வால்ரண்டும் கால்வாயை நேருக்கு நேர் எழுதிப் பார்க்காமல் இல்லை. 'தி பிக் டிட்ச்' என்ற பெயரில் பனாமாவின் சரித்திரம் ஒன்றை 1920களின் கடைசியில் தொடங்கினார். 1928இல் குக்கன்ஹைம் உதவித்தொகை கிடைத்தது. அமெரிக்காவை விட்டுப் போனார். புத்தகம் வரவில்லை. இங்கிலாந்தில் 1952 முதல் 1957 வரை வில்ட்ஷையரில் ரவுண்ட்வே மனநோய் ஆஸ்பத்திரியில் தானாகவே போய்ச் சேர்ந்து தங்கியிருந்தார். அந்தச் சரித்திரத்தின் பகுதிகள் ஆஸ்பத்திரி நோயாளிகளின் பத்திரிகையில் தொடராக வந்தன. 1966இல் லண்டனில் இறந்தார். சரித்திரமாக எழுதிய பகுதிகளில் லெஸ்ஸெப்ஸும் பாரிஸ் பங்குச் சந்தையும் நிறைய வருகிறார்கள். சுத்தமான உரைநடை. சேராவும் ஜெரால்டும் அதில் நுழைய இடமில்லை.

'ட்ராபிக் டெத்' கதையைத் தமிழில் கொண்டுவர முயன்று கொண்டிருக்கிறேன். கப்பல்தளக் காட்சிவரை வந்திருக்கிறது. வர்ணனையில் பெரிய தொல்லை இல்லை. நிறங்களைக் கொஞ்சம் குறைத்தாலும் குடிமுழுகிப் போகாது. பேச்சுத்தான் தகராறு. சேராவுக்குத் திருநெல்வேலிப் பேச்சைக் கொடுத்தால் அவள் மருதியாகிவிடுகிறாள். பொதுத்தமிழைக் கொடுத்தால் டவுனுக்கு வந்த டீச்சரம்மாவாகிவிடுகிறாள். இப்போதைக்கு அவள் மகனை 'ஏய்யா' என்று கூப்பிடுகிறாள். தகப்பனிடம் பேசும்போது என்ன சொல்லிக் கூப்பிடுவாள் என்பது இன்னும் முடிவாகவில்லை.